குளிர்கடலில் ஈட்டி மீன்பிடிப்பு: எத்தனை மில்லிமீட்டர் வெட்சூட் வேண்டும்? வடகலிபோர்னியாக் கடலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே மூன்று, நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால் மெண்டசினோ கடற்கரை வந்துவிடும். மே மாதம் வெயில் பளிச்சென்று அடித்தாலும் அங்கே தண்ணீர் 9, 10 டிகிரியில்தான் இருக்கும். ராமேஸ்வரத்திலோ மன்னாரிலோ 28 டிகிரிக் கடலில் இறங்கிப் பழகிய ஒருவருக்கு அந்த எண்ணின் அர்த்தம் தண்ணீரில் கால் வைக்கும்வரை புரியாது. அந்தத் தண்ணீரில் மூச்சடக்கி மூழ்கி, பாறை இடுக்கில் கிடக்கும் லிங்காட் மீனைத் தேடி, இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்றால், குளிர்நீரில் அணியும் ரப்பர் நுரை உடையான வெட்சூட்தான் முதல் கருவி. ஈட்டித் துப்பாக்கியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் "5 மில்லிமீட்டரா, 7 மில்லிமீட்டரா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் நாலைந்து விஷயங்கள் தெரிய வேண்டும். அவற்றில் முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இறங்கிய முதல் பத்து நிமிடம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத் தடிமனைத் தீர்மானிக்காதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில், அடிமட்டத்தில், கைவிரல் எப்படி இருக்கும் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள்.

வெட்சூட் வெப்பத்தைக் காப்பது எப்படி

வெட்சூட் பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். 1952-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர், குளிர்நீரில் இருப்பவரின் உடம்பு காய்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று கண்டுகொண்டார். உடையின் பொருளுக்குள் சிறு சிறு வாயுக் குமிழ்கள் அடைபட்டிருந்தால் போதும், அவையே வெப்பத்தைத் தடுக்கும். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரின் நுரை அப்படிப்பட்ட பொருள். சூட்டுக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலம்தான் நம்மைச் சூடாக வைக்கிறது என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். அது சரியில்லை. காப்பது குமிழ்கள். உள்ளே வரும் நீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வந்த நீர் அங்கேயே நின்றால் பரவாயில்லை, வெளியே போய்ப் புதுநீர் வந்தால்தான் ஆபத்து.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, நீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும் என்பதால், உள்ளே நீரோட்டம் உள்ள 7 மி.மீ. சூட்டைவிட உடம்போடு ஒட்டிய 5 மி.மீ. சூட் கதகதப்பாக இருக்கும். சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் ஓட்டைக் குடம் ஓட்டைக் குடம்தான். இரண்டாவது, குமிழ்கள் என்றாலே அழுத்தத்துக்குச் சுருங்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேல்மட்டத்தைவிட இரு மடங்கு. குமிழுக்குள் இருக்கும் வாயு பாதியாகிவிடும். ரப்பர் சுவர் சுருங்காது என்பதால் சூட் முழுசாகப் பாதியாவதில்லை. ஆனாலும் மேலே 7 மி.மீ. இருந்தது அங்கே 4 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். மீன் இருப்பதும் அங்கேதான்.

படி 1: தண்ணீரின் உண்மையான வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலநிலைச் செயலி காட்டும் காற்றின் வெப்பநிலை இங்கே எதற்கும் உதவாது. வடகலிபோர்னியாவில் கடல் மிகக் குளிராக இருப்பது டிசம்பரிலோ ஜனவரியிலோ இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். வசந்தகாலத்தில் வடமேற்குக் காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கி விடாமல் வீசும். பூமியின் சுழற்சியால் மேல்நீர் கரையைவிட்டு மேற்கே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வரும். இப்படி ஏறி வரும் நீர் 8 டிகிரி வரை போகும். அதில் உள்ள சத்துகள்தான் இந்தக் கடலில் இவ்வளவு மீன் இருப்பதற்கும் காரணம். காற்று அடங்கி, செப்டம்பர், அக்டோபர் வந்தால் நீர் 12, 13 டிகிரிக்கு ஏறும். ஆகஸ்டு விடுமுறைக்கு வந்தவர் "கோடைதானே" என்று மெல்லிய சூட்டோடு இறங்கி நடுங்குவதற்கு இதுதான் காரணம்.

நீரின் வெப்பநிலையை அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவாவின் மிதவைகள் மணிக்கு மணி சொல்கின்றன. மெண்டசினோவுக்குத் தெற்கே உள்ள சோனோமாப் பக்கம் போகிறவர்கள் போடேகா பேயின் 46013 எண் மிதவையையும், மெண்டசினோ போகிறவர்கள் பாயிண்ட் அரீனாவின் 46014 எண் மிதவையையும் பாருங்கள். அங்கே பாரன்ஹீட்டில் இருக்கும்: 46 என்றால் 8 டிகிரி, 50 என்றால் 10, 55 என்றால் 13. ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரம் பலத்த வடமேற்குக் காற்று அடித்தால் இரண்டு மூன்று டிகிரி சட்டென்று இறங்கிவிடும்.

மிதவை சொல்வது மேல்நீரின் கதை. காற்று அடங்கிய நாட்களில் மேலே நாலைந்து மீட்டர் மிதமாக இருக்கும், அதற்குக் கீழே ஒரு கோடு போட்டதுபோல் குளிர் தொடங்கும். ஆழத்தையும் வெப்பநிலையையும் காட்டும் கைக்கடிகாரக் கணினி வைத்திருந்தால் அடிமட்ட எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் எழுதினால், உங்கள் இடத்தைப் பற்றி எந்தக் கடைக்காரரைவிடவும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

வேறு கடலில் இறங்குகிறவர்களும் இதே கணக்கைப் போடலாம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் மார்ச் மாத நீர் 9, 10 டிகிரி. அங்கே செப்டம்பரில் 16, 17 வரை போகும். தென்கலிபோர்னியாவில் கோடையில் 20 டிகிரியைத் தொடும். ஒரே மாநிலத்துக்கு ஒரே சூட் என்று சொல்ல முடியாது.

படி 2: எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட வேட்டை

நீச்சல்காரர் விடாமல் அசைந்துகொண்டே இருப்பார். உடம்பு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஈட்டியோடு இறங்குகிறவர் நேர்மாறு. மேலே முகத்தைத் தண்ணீரில் வைத்து அசையாமல் மிதந்து மூச்சைச் சீராக்குகிறார். கீழே போய்ப் பாறையோடு பாறையாகக் கிடக்கிறார். அசையாமல் இருப்பதுதான் இந்த வேலையே. எனவே நீச்சலுக்கும் அலைச்சறுக்குக்கும் சொல்லப்படும் தடிமன் அட்டவணையை எடுத்துவந்து இங்கே பொருத்தினால் எப்போதும் ஒரு படி மெல்லியதாகவே வரும்.

கருப்பு ராக்ஃபிஷ் நடுநீரில் கூட்டமாகத் திரியும். அதைப் பிடிக்க 5, 6 மீட்டர் போதும். லிங்காட்டும் கபசோனும் அடியில், பாறைக்குகையின் வாயில் இருக்கும். அவற்றைத் தேடுகிறவர் 10, 12 மீட்டரில் டார்ச் அடித்து ஒவ்வோர் இடுக்காகப் பார்ப்பார். சூட் சுருங்கி, நீர் மேலும் குளிர்ந்து, உடம்பு அசையாமல் இருக்கிற இடம் அது. நீங்கள் எதைத் தேடிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் தடிமன் மாறும்.

நேரமும் அப்படித்தான். ஒரு மணி நேரத்தில் கரையேறுகிறவருக்கு 5 மி.மீ. தாக்குப்பிடிக்கலாம். கயாக்கில் போய் அரைநாள் இருக்கிறவருக்கு அதே நீரில் 7 வேண்டும். கயாக்கில் ஏறி உட்கார்ந்தால் ஈரச் சூட்டின் மேல் காற்று படும். நீரில் இருந்ததைவிட அங்கே அதிகம் குளிரும்.

படி 3: உங்கள் உடம்பு

ஒல்லியானவர்கள் சீக்கிரம் குளிர்வார்கள். இது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தெரியாத விஷயம் மூச்சு. முகத்தில் குளிர்நீர் பட்டதும் இதயத்துடிப்பு மெதுவாகும். மூச்சடக்குகிறவருக்கு இது நல்லதுதான். ஆனால் நடுக்கம் தொடங்கிவிட்டால் தசைகள் ஆக்ஸிஜனைத் தின்னத் தொடங்கும். ஒன்றரை நிமிடம் சுகமாக இருந்தவர் ஐம்பது வினாடியில் மேலே வரத் துடிப்பார். நடுக்கத்தோடு மூழ்குவதும், பழைய நேரக்கணக்கை நம்பி அடியில் இருப்பதும் மயக்கத்துக்கு வழி. சூட்டின் தடிமனை நான் வசதிக்கான விஷயமாகப் பார்ப்பதில்லை. அது பாதுகாப்பு விஷயம்.

குளிரும் நீரின் அழுத்தமும் சேர்ந்து ரத்தத்தை உடம்பின் நடுவுக்குத் தள்ளும். சிறுநீரகம் அதைக் கூடுதல் நீர் என்று எடுத்துக்கொள்ளும். அரைமணிக்கு ஒருமுறை சிறுநீர் வரும்; உடம்பு வறளும்; வறண்ட உடம்பு இன்னும் சீக்கிரம் குளிரும். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து இறங்குங்கள். முந்தைய இரவு சரியாகத் தூங்காதவருக்கு எந்தத் தடிமனும் போதாது.

படி 4: இப்போது எண்ணுக்கு வருவோம்

கீழே சொல்வது நடுத்தர உடம்புக்கு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு, அளவு சரியாகப் பொருந்திய, தலைமூடியோடு கூடிய இரண்டு துண்டுச் சூட்டுக்கு. எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டியது அடிமட்ட வெப்பநிலை.

18 டிகிரிக்கு மேல்: 3 அல்லது 3.5 மி.மீ.
15 முதல் 18 வரை: 5 மி.மீ.
12 முதல் 15 வரை: 5 மி.மீ. சூட்டுக்குள் ஒரு மெல்லிய நியோபிரீன் உள்பனியன், இல்லையென்றால் 7 மி.மீ. சட்டையும் 5 மி.மீ. கால்சட்டையும்.
9 முதல் 12 வரை: 7 மி.மீ.
9-க்குக் கீழே: 7 மி.மீ. சூட்டுக்குள் 2, 3 மி.மீ. உள்பனியன், அல்லது 8, 9 மி.மீ. சூட். நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒல்லியாக இருந்தாலோ, மூன்று மணிக்கு மேல் இருப்பதாக இருந்தாலோ ஒரு படி தடிமனைக் கூட்டுங்கள். சட்டென்று வியர்க்கும் உடம்பு, குறைந்த நேரம் என்றால் ஒரு படி இறக்கலாம்.

மெண்டசினோவுக்கும் சோனோமாவுக்கும் ஒரே ஒரு சூட்தான் வாங்க முடியும் என்றால் நான் யோசிக்காமல் 7 மி.மீ. சொல்வேன். செப்டம்பரில் கொஞ்சம் சூடாக இருந்தால் கழுத்தை விலக்கி ஒரு கை தண்ணீரை உள்ளே விட்டுக்கொள்ளலாம். மே மாதத்தில் 5 மி.மீ. சூட்டோடு குளிர்ந்தால் கரையேறுவதைத் தவிர வழி இல்லை.

7 மி.மீ. சட்டைக்கு 5 மி.மீ. கால்சட்டை என்ற சேர்க்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கால்கள் உதைத்துக்கொண்டே இருப்பதால் அவை அவ்வளவு குளிராது. கால்பக்கம் மெல்லியதாக இருந்தால் முழங்கால் எளிதாக மடங்கும். மேலே மிதக்கும்போது கால்கள் தூக்கிக்கொள்ளாது, காலில் மாட்டிய துடுப்புகள் நீரை அறைந்து சத்தம் போட்டு மீனை விரட்டாது. 11, 12 டிகிரியில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

தடிமனுக்கு விலையும் உண்டு. 7 மி.மீ. கை, துப்பாக்கியின் ரப்பரை இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் எதிர்த்து நிற்கும். நெஞ்சு விரிவது குறையும். இறுகிய சூட்டில் முழு மூச்சு எடுக்க முடியாது. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையும் கூடும். அதனால்தான் "தடிமனாக இருந்தால் நல்லது" என்று 9 மி.மீ. சூட்டுக்குத் தாவ வேண்டாம் என்கிறேன். 10 டிகிரி நீருக்கு நன்றாகப் பொருந்திய 7 போதும்.

படி 5: அமைப்பைப் பாருங்கள், முத்திரையை அப்புறம் பார்க்கலாம்

ஸ்கூபாக் கடையில் தொங்கும், முதுகில் ஜிப் வைத்த, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் துணி ஒட்டிய ஒற்றைச் சூட் இந்த வேலைக்கு ஏற்றதில்லை. ஜிப் வழியாக நீர் புகும், கழுத்து வழியாகவும் புகும். ஈட்டி மீன்பிடிப்பவர்கள் கேட்டு வாங்குவது ஓப்பன் செல் சூட். அதன் உள்பக்கத்தில் துணி இருக்காது. வெட்டிய நுரை அப்படியே தோலில் படும், ஒட்டிக்கொள்ளும். நீர் நகர இடமே இருக்காது. 7 மி.மீ. துணி உள்பக்கச் சூட்டுக்கும் 7 மி.மீ. ஓப்பன் செல் சூட்டுக்கும் வித்தியாசம், போட்டுப் பார்த்த முதல் நாளே தெரியும்.

இரண்டு துண்டு என்றால், இடுப்புக்கு மேலே உயர்ந்து நிற்கும் கால்சட்டை, அதன் மேல் தலைமூடி சேர்த்துத் தைத்த சட்டை. வயிற்றிலும் அடிமுதுகிலும் இரண்டு அடுக்கு சேர்ந்துவிடும். உடம்பின் நடுப்பகுதியில்தான் சூடு அதிகம் தேவை. சட்டையின் பின்வால் கால்களுக்கு இடையே வந்து முன்னால் மாட்டும், அதனால் சட்டை மேலே ஏறாது. தோள்பட்டை வைத்த கால்சட்டை நெஞ்சையும் மூடும், இன்னும் கதகதப்பு. ஆனால் நெஞ்சு இறுகும். மூச்சடக்கி மூழ்குகிறவருக்கு நான் உயர்ந்த இடுப்பையே சொல்வேன். குளிர் கூடினால் உள்பனியன் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிப்பக்கத்துக்கு இந்தக் கரையில் துணி வேண்டும். வழுவழுப்பான வெளித்தோல் காற்றில் சீக்கிரம் காயும், குளிராது, பார்க்கவும் அழகு. ஆனால் பாறை பட்டால் கிழியும். 2013-இல் தொடங்கிய நோயால், கடல் முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திரமீன்கள் மடிந்தன. அடுத்து வந்த சூடான ஆண்டுகளில் மெண்டசினோ, சோனோமா கரைகளின் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடு 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஊதாநிறக் கடல் முள்ளெலிகள் பெருகி அடிமட்டமே முட்களாகி நின்றது. சிவப்பு அபலோனி என்ற கடல்நத்தையை எடுப்பது 2018-இல் நிறுத்தப்பட்டது. கெல்ப் அங்கங்கே திரும்பி வருகிறது என்றாலும், முழங்கால் பட்டால் முள் ஏறும் இடங்கள் இன்னமும் நிறைய. முழங்காலிலும் முழங்கையிலும் கெட்டித் துணி வைத்ததாக வாங்குங்கள். துப்பாக்கியை நெஞ்சில் ஊன்றி ரப்பரை இழுப்பதால் மார்பிலும் ஒரு மெத்தை வேண்டும்.

நியோபிரீனில் மென்மையானது, கெட்டியானது என்று இரண்டும் உண்டு. மென்மையானது எளிதாக நீளும், ஆழத்தில் அதிகம் சுருங்கும், ஒவ்வொரு முறையும் கசங்கிச் சீக்கிரம் தளர்ந்துபோகும். கெட்டியானது போடக் கஷ்டம், ஆழத்தில் தாங்கும். 10 மீட்டருக்குள் வேட்டையாடுகிறவருக்கு இரண்டும் சரி.

படி 6: அளவு

தடிமனைவிட இதற்கு நேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் உயரம், எடை, மார்பு, இடுப்பு, பிட்டம் எல்லாவற்றுக்கும் அட்டவணை தருவார்கள். உங்கள் சட்டை அளவு எம் என்பதால் சூட்டும் எம் என்று வாங்காதீர்கள்.

போட்டுக் கண்ணாடி முன் நின்று கையை முன்னால் நீட்டுங்கள், பக்கவாட்டில் விரியுங்கள், குனியுங்கள். நீர் தேங்கும் இடங்கள் எப்போதும் ஒரே நாலு: அடிமுதுகுக் குழி, அக்குள், தொடையிடுக்கு, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே. அடிமுதுகில் விரலால் கிள்ளிப் பிடிக்கிற அளவு சூட் தளர்ந்திருந்தால் அந்த அளவு வேண்டாம். அங்கே அரைக் கோப்பை நீர் தங்கும், நீங்கள் தலைகீழாக மூழ்கும்போதெல்லாம் முதுகு நெடுக ஓடும்.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. தொண்டையில் இரண்டு பக்கமும் உள்ள ரத்தக்குழாயைச் சூட் அழுத்தினால் தலை சுற்றும். அது சாதாரண அசௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது, தலைமூடியின் முகப்பு விளிம்பைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ள வேண்டும் அல்லது அளவை மாற்ற வேண்டும். வயிற்றிலிருந்து ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். கடைசிக் கால்பங்கு மூச்சு வரவில்லை என்றால் மார்பு சிறியது. தோள் அகலம், இடுப்பு குறுகல், அல்லது அதற்கு நேர்மாறான உடம்பு உள்ளவர்கள் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது நல்லது. அதற்குச் செலவழிக்கும் கூடுதல் பணம், இன்னொரு 2 மி.மீ. தடிமனுக்குச் செலவழிப்பதைவிட அதிகச் சூடு தரும்.

படி 7: தலை, கை, கால்

தலைமூடி சூட்டின் அதே தடிமனில் அல்லது 5 மி.மீ. இருக்கட்டும். முகத்தைச் சுற்றி நெற்றி, தாடை இரண்டும் மூடி, மாஸ்கின் விளிம்பு மூடியின் மேல் படாமல் தோலில் உட்கார வேண்டும். மூடி காதை முழுக்க அடைத்துவிட்டால் காதுக்கும் மூடிக்கும் நடுவே அடைபட்ட காற்று, கீழே போகும்போது செவிப்பறையை வெளிப்பக்கம் இழுக்கும். மூழ்குமுன் மூடியை விலக்கிக் காதுப்பக்கம் நீரை விட்டுக்கொள்ளுங்கள். சிலர் காதுப்பகுதியில் சிறு ஓட்டை போடுகிறார்கள்.

கையுறையில் 3 மி.மீ. ஆரம்பம். 10 டிகிரிக்குக் கீழே 5 மி.மீ. வேண்டும், ஆனால் 5 மி.மீ. கையால் விசையை உணர்வது கஷ்டம். துப்பாக்கியை ஏற்றி, இறக்கி, கத்தியை உறையிலிருந்து எடுத்து, ஈயப்பட்டையின் கொக்கியை அவிழ்த்துக் கரையில் பழகிய பிறகே அந்தக் கையுறையோடு இறங்குங்கள். காலுக்கு 5 மி.மீ. சாக்ஸ். துடுப்பு வாங்கும்போது அந்தச் சாக்ஸோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். இறுக்கமான துடுப்பு ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பாதத்தை மரத்துப்போக வைக்கும்.

மணிக்கட்டில் கையுறை சட்டைக்கு உள்ளே போக வேண்டும், கணுக்காலில் சாக்ஸ் கால்சட்டைக்கு உள்ளே போக வேண்டும்.

படி 8: ஈயத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள்

சூட் மாறினால் ஈயமும் மாறும். பழைய 3 மி.மீ. சூட்டின் எடையோடு 7 மி.மீ. சூட்டில் குதித்தால் மூழ்கவே முடியாது. 75 கிலோ ஆளுக்கு, 7 மி.மீ. இரண்டு துண்டுச் சூட்டுக்கு, உப்புநீரில் பொதுவாக 9 முதல் 12 கிலோ வரை தேவைப்படும். ஆனால் உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குறைந்த எடையில் ஆரம்பியுங்கள். துணையோடு, நிற்கக்கூடிய ஆழத்துக்குப் பக்கத்தில், நேராக மிதந்து மூச்சைச் சாதாரணமாக வெளியே விடுங்கள். அப்போதும் நீங்கள் மிதக்க வேண்டும். வாய் நீருக்கு மேலே இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. மூச்சடக்கி மூழ்குகிறவர் மயங்குவது பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரில், அல்லது மேலே வந்து முதல் மூச்சு எடுக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் உடம்பு தானாக மிதந்தால் துணைக்கு உங்களைக் காப்பாற்ற நேரம் கிடைக்கும், மூழ்கினால் கிடைக்காது. இந்தச் சோதனை தேறிய பிறகு, 8, 10 மீட்டரில் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

7 மி.மீ. சூட் 10 மீட்டரில் சுருங்கியதும் அதுவரை தாங்கிக்கொண்டிருந்த மிதப்பில் பெரும்பகுதி போய்விடும். மேலே லேசாக இருந்தவர் கீழே கல்லாகக் கனப்பார். மெல்லிய சூட்டுக்கு இந்த மாற்றம் சிறியது, தடித்த சூட்டுக்குப் பெரியது. தடிமன் கூட்டும்போது இதையும் சேர்த்தே யோசியுங்கள்.

பட்டை ரப்பராக இருக்கட்டும். சூட் சுருங்கும்போது நைலான் பட்டை தளர்ந்து நெஞ்சுக்கு நழுவும். ரப்பர் கூடவே சுருங்கி இடுப்பிலேயே நிற்கும். ஒரே இழுப்பில் கழலும் கொக்கி கட்டாயம்.

படி 9: போடும் விதம்

ஓப்பன் செல் சூட்டைக் காய்ந்த உடம்பில் இழுத்தால் கிழியும். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர், அதில் கொஞ்சம் தலைக்குப் போடும் கண்டிஷனர், குலுக்கிச் சூட்டுக்குள் ஊற்றி எல்லாப் பக்கமும் தேய்த்துவிடுங்கள். அப்புறம் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் கிள்ளி இழுக்காதீர்கள், விரல்களின் சதைப்பகுதியால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். நகம் பதிந்த பிறைவடிவக் கிழிசல்தான் புதுச் சூட்டில் வரும் முதல் காயம். நகத்தை வெட்டி வையுங்கள்.

வெந்நீர்ப் பாட்டில் இரண்டு கொண்டு போங்கள்: ஒன்று போடுவதற்கு, இன்னொன்று கரையேறியதும் கையுறைக்குள் ஊற்றிக்கொள்ள. சுக்குக் காபிக்கு ஒரு ஃபிளாஸ்க் தனி.

முதல் நாள் வேட்டைக்குப் போகாதீர்கள். அமைதியான குடா ஒன்றில், வான் டாம் மாநிலப் பூங்காக் கரை போன்ற இடத்தில், அரைமணி இருந்து எங்கே நீர் புகுகிறது என்று பாருங்கள். முதுகில் குளிர்ந்த கோடு ஓடினால் பின்வால் சரியாக மாட்டவில்லை. கழுத்தில் என்றால் மூடி பெரிது.

கலிபோர்னியாவில் மீன்பிடி உரிமம், பிடிக்கலாகாத காப்பகப் பகுதிகள், மீனின் குறைந்தபட்ச அளவு, ஒரு நாளைக்கு எத்தனை என்பது எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மாநில மீன், வனவிலங்குத் துறையின் நடப்பு விதிகளைப் போகும் வாரமே பாருங்கள்.

படி 10: எப்போது வெளியேறுவது

எந்தச் சூட்டும் குளிரைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு தொட முடியவில்லை என்றால் அன்றைக்கு முடிந்தது. நடுக்கம் தொடங்கினால் "இன்னும் ஒரு தடவை" கிடையாது. துணையின் பேச்சு குழறுகிறதா, எளிய முடிச்சுக்குத் திணறுகிறாரா, காரணமில்லாமல் எரிச்சல்படுகிறாரா என்று நீங்களும் பாருங்கள். குளிர்ந்தவருக்குத் தன் நிலை தெரியாது. ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே, கண் எடுக்காமல். தனியாகப் போகக் கூடாது.

கரையேறியதும் குளிர் நிற்காது. கைகால்களில் குளிர்ந்த ரத்தம் நடுவுக்குத் திரும்புவதால் உள்ளுடம்பின் சூடு இன்னும் சிறிது நேரம் இறங்கும். காற்றுப் படாத இடத்தில் சூட்டைக் கழற்றி, துடைத்து, கம்பளித் தொப்பி முதல் போட்டுக்கொண்டு, இனிப்பான சூடான ஏதாவது குடியுங்கள். உடனே கொதிக்கும் வெந்நீர்க் குளியல் வேண்டாம். நடுக்கம் முழுக்க நின்ற பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள். கரையோரமாகப் போகும் 1-ஆம் எண் நெடுஞ்சாலையின் வளைவுகள் மரத்த கைக்கு உகந்தவை அல்ல.

சூட்டின் வயது

ஒவ்வொரு முறையும் நன்னீரில் உள்ளும் புறமும் அலசி, நிழலில், அகலமான தோள் உள்ள ஹேங்கரில் காயப்போடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் குமிழ்கள் நசுங்கி அந்தக் கோடு நிரந்தரமாகும். வெயிலில் ரப்பர் இறுகும். கிழிசலை அன்றன்றே நியோபிரீன் பசையால் ஒட்டுங்கள்.

எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஆழத்தில் மீண்டும் மீண்டும் நசுங்கி, நுரை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் காற்றை இழக்கும். இதை அளக்க எளிய வழி ஈயப்பட்டை. புதிதில் 11 கிலோ தேவைப்பட்டு, இரண்டு மூன்று வருஷத்தில், உங்கள் உடம்பு எடை மாறாமலேயே, 9 கிலோவில் சரியாக நிற்கிறீர்கள் என்றால், அந்த 2 கிலோ மிதப்பைக் கொடுத்த குமிழ்கள் போய்விட்டன. அவை கொடுத்த சூடும் போய்விட்டது. முத்திரையில் 7 என்று இருக்கும் அந்தச் சூட்டை இனி 5 என்று கணக்கில் வையுங்கள். ஈயத்தை உடனே குறையுங்கள், அதைச் செப்டம்பர், அக்டோபருக்கு ஒதுக்குங்கள். அடுத்த ஏப்ரலுக்கு முன் புதிய 7 மி.மீ. வாங்கி, படி 8-இல் சொன்ன சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.